எடுப்பாக இருக்க வேண்டும்

சக்கரக்கா நீர்நல மன்றத்துக்குத் தர வேண்டிய பாக்கி மூவாயிரத்து நானூற்றுப் பதினெட்டு ரூபாய். அந்தப் பாக்கி ஏறி முடிந்த நாள் வரைக்கும் மன்றத்துக் குளத்தில் அவளுடைய கால் நகம்கூட நனைந்தது கிடையாது. நனையாதவளுக்கு எப்படி இவ்வளவு பாக்கி என்று கேட்பீர்கள். தண்ணீருக்கு அங்கே காசு இல்லை, அது ஓசி. தண்ணீர் வரைக்கும் போகிற வழிக்குத்தான் காசு. வழி கொஞ்சம் நீளம்.

அவள் டிப்போவில் பஸ் கழுவுகிறவள். பஸ்ஸின் மேல்பக்கத்தை நின்றுகொண்டு கழுவ வேறு ஆட்கள் இருந்தார்கள். சக்கரம் இவள் பொறுப்பு. சக்கரத்தை நின்றுகொண்டு கழுவ முடியாது, குந்த வேண்டும். ஒரு கையில் ரப்பர் குழாய், ஒரு கையில் பிரஷ். சேறு, கிரீஸ், சில நாள் நாய் ரத்தம், எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிட்டு எழுந்து அடுத்த சக்கரத்துக்குப் போய்க் குந்த வேண்டும். கல்யாணமான புதிதில் சேர்ந்த வேலை. கட்டியவன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. சக்கரம் நிற்கவில்லை. டிப்போவில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டுவாடா செய்கிறவருக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கெல்லாம் சக்கரக்கா.

ஒரு நாள் பின்சக்கரத்துக்கு முன்னால் குந்தியவள் எழுந்திருக்கவில்லை. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். அதற்கும் எழுந்திருக்கவில்லை. இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, காய்ந்த இடத்தில் உட்கார வைத்தார்கள்.

தொழிலாளர் ஆஸ்பத்திரி டாக்டர் முட்டியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். “மார்பளவு வெந்நீர்ல நடக்கணும்மா. தண்ணி உங்க கனத்தைத் தாங்கிக்கும், முட்டி கொஞ்சம் மூச்சு விடும். மூணு மாசம் விடாம நடந்தீங்கன்னா திரும்பக் குந்தி எழலாம்.”

“நடக்கலேன்னா?”

டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

டிப்போ ஃபோர்மேன் கெட்டவர் இல்லை. கணக்குப் பார்க்கிறவர். “நீ எழுந்திரிக்க ரெண்டு ஆள் வேணும்னா ஒரு சக்கரத்துக்கு மூணு ஆள் ஆகுது சக்கரக்கா. மூணு மாசம் தர்றேன். சரியாயிட்டேன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா, உன் பிரஷ் உனக்குத்தான். இல்லேன்னா வந்து நிக்காதே, எனக்கும் சங்கடம்.”

ஊரில் வெந்நீர்க் குளம் நீர்நல மன்றத்தில்தான் இருந்தது. மறுநாளே போனாள். டிப்போவில் கொடுத்த காக்கிச் சட்டையும் கால்சட்டையும் போட்டுக்கொண்டு போனாள். தண்ணீரில் நிற்பதற்கென்று அவளிடம் இருந்த உடுப்பு அதுதான்.

வாசல் காவலாளி மேலும் கீழும் பார்த்தார். “இது என்ன டிரெஸ்?”

“பஸ் கழுவுற டிரெஸ்.”

“பஸ்ஸா இறங்கப் போகுது?” என்று கேட்டுவிட்டு, சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். பஸ் நெற்றியில் இருக்கிற ஊர்ப் பெயர்களைப் படித்துப் பழகியவள் அவள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். எச்சில் துப்பக் கூடாது. ஓடக் கூடாது. சாப்பிடக் கூடாது. குளித்துவிட்டு இறங்க வேண்டும். ஐந்தாவது விதி: நடுவயது மகளிரின் நீச்சலுடை எடுப்பாகவும் வசதியாகவும் இருக்க வேண்டும், அதை உரிய பிரிவு தேர்ந்தெடுக்கும்.

காவலாளியின் தோளுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு. கதவுக்குப் பின்னால் குளம். நீலமாக, ஒரு சுருக்கம் இல்லாமல், இஸ்திரி போட்டு விரித்தது போலக் கிடந்தது. மேலே லேசாக ஆவி. அந்த ஆவியைப் பார்த்ததுமே அவளுடைய முட்டி இரண்டும் நாய்க்குட்டி மாதிரி இழுத்தன.

“உள்ளே ஒருத்தரையும் காணோமே சார்?”

“எல்லாரும் மாடியில இருக்காங்க” என்றார் காவலாளி.

மாடிக்கு லிஃப்ட் இல்லை. அவள் போக வேண்டிய நடுவயது மகளிர் பிரிவு மூன்றாவது மாடியில். கைப்பிடியைப் பிடித்து இழுத்து ஏறிப் போனால் அங்கே நீளமான பெஞ்சு, பெஞ்சு நிறையப் பெண்கள். எல்லாரும் இவள் வயசு, கொஞ்சம் முன்னே பின்னே. இடுப்பு வலி, தோள் பிடிப்பு, ஆபரேஷன் செய்த முதுகு. பக்கத்தில் இருந்த அம்மாள் ஒரு வக்கீலிடம் டைப்படிக்கிறவள். கழுத்தில் பட்டை மாட்டியிருந்தாள்.

“நீங்க வந்து ரொம்ப நாளாச்சாக்கா?” என்று சக்கரக்கா கேட்டாள்.

“நான் முதல்ல வந்தப்ப என் பொண்ணு ஸ்கூல் படிச்சிட்டிருந்தா. இப்ப அவ பிள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டு வர்றேன்” என்றாள் டைப் அம்மாள். சொல்லிவிட்டு ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். குடியிருக்கிற வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கொடுப்பது போல இருந்தது.

முதல் அறையில் அளவுக்காரம்மா. அன்பானவள். கழுத்தில் நாடா, வாயில் குண்டூசி. “பயப்படாதீங்க. பொம்பளை உடம்பு உலகத்துல நாலே வகைதான். பேரிக்காய், ஆப்பிள், மணல் கடிகாரம், செங்கல். வகை தெரிஞ்சுட்டா எதை மறைக்கிறது, எதைக் காட்டுறதுன்னு சுலபமா முடிவு பண்ணிடலாம்.”

“எனக்கு முட்டி சரியானாப் போதும்மா.”

“முட்டி வகையில வராது.” நாடா ஓடியது. அவள் நெற்றி சுருங்கியது. திரும்ப அளந்தாள். “வலது தோள் செங்கல். இடது தோள் இல்லவே இல்லை. இடுப்புக்குக் கீழே பேரிக்காய். என்னங்க இது?”

“வலது கையில பிரஷ் பிடிப்பேன்.”

“ஒரே ஆள்ல ரெண்டு வகை வரக் கூடாதும்மா. ரெண்டு ஆளாப் போட்டுக்கிறேன்.” இரண்டு ஆள் ஆலோசனைக் கட்டணம் ஏறியது. சக்கரக்காவின் முகம் போன போக்கைப் பார்த்து அளவுக்காரம்மா அவள் கையைத் தட்டிக் கொடுத்தாள். “கவலைப்படாதீங்க, குளத்துக்குள்ளே ஒரே ஆளாத்தான் விடுவாங்க.”

இரண்டாவது அறையில் ஆள் உயரக் கண்ணாடி. அதன் முன்னால் நின்றால் யாராக இருந்தாலும் ஒல்லியாகத் தெரியும். மன ஊக்கத்துக்காக அப்படிச் செய்யச் சொல்லி வாங்கியதாம். சக்கரக்கா தன்னைப் பார்த்தாள். கணவன் செத்த வருஷம் சோறு இறங்காமல் கிடந்தபோது இப்படித்தான் இருந்தாள். ஊக்கம் வரவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணாடிக் கட்டணமும் ஏறியது.

வீட்டில் தங்கச்சியிடம் சொன்னாள். தங்கச்சி நடைபாதையில் நைட்டியும் பனியனும் உள்பாவாடையும் விற்கிறவள். அக்காவும் தங்கச்சியும் ஒரே அறையில் குடியிருந்தார்கள், ஒரே சீப்பு, ஒரே வாடகை. வாடகையில் பாதி சக்கரக்காவின் சம்பளம்.

“எடுப்பா ஒரு டிரெஸ் எடுக்க மூணு மாடியா? என்கிட்ட கேட்டா ரெண்டு நிமிஷம்” என்றாள் தங்கச்சி. வெளிநாட்டுக்குப் போய்த் திரும்பி வந்த சரக்கு மூட்டை ஒன்று கட்டிலுக்கு அடியில் இருந்தது. அதை இழுத்துப் பிரித்தாள். “பட்டை ஒல்லியா இருக்கிறது வேண்டாம், தோள்ல அறுக்கும். உள்ளே மார்புக்குத் தாங்கல் இருக்கணும். வயித்தை இறுக்கிப் பிடிக்கிறதை எடுக்கவே எடுக்காதே, அங்கே அமுக்கினா இங்கே பிதுங்கும், சதை எங்கேதான் போகும், பாவம். கறுப்பு எடு. தொடை பாதி வரைக்கும் வரட்டும். இந்தா.”

சக்கரக்கா திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி நின்றாள்.

“கையைத் தூக்கு. குனி. நிமிரு. எங்கேயாவது ஏறுதா, இறங்குதா?”

“இல்லடி.”

“அறுக்குதா?”

“இல்லை.”

“அப்ப அதுதான் உன் டிரெஸ். வேலை முடிஞ்சுது.”

சுவரில் மாட்டியிருந்த சின்னக் கண்ணாடியில் முழு உடம்பும் தெரியாது. எக்கி நின்றால் தோள் வரைக்கும் தெரியும். அவள் தோளைப் பார்த்தாள். வலது தோள் உருண்டு திரண்டு, கருங்காலிக் கட்டை மாதிரி இருந்தது. இத்தனை வருஷத்தில் அதைச் சட்டைக்கு வெளியே வெளிச்சத்தில் பார்த்தது இல்லை.

“இது என் தோளாடி?”

“பின்னே? பஸ்ஸோடதா?” என்றாள் தங்கச்சி. பிறகு குரலை இறக்கி, “நல்லாத்தான் இருக்கேக்கா. நிஜமா” என்றாள்.

சக்கரக்கா அன்றைக்கு அதைப் போட்டுக்கொண்டே சோறு வடித்தாள்.

அந்தக் கறுப்பு உடையைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு மறுபடி மூன்றாவது மாடிக்குப் போனாள். இந்தத் தடவை பிரிவுத் தலைவரே பார்த்தார். அவர் மேஜையில் கண்ணாடிப் பேழைக்குள் சின்னதாக ஒரு குளம், பொம்மைக் குளம், அதற்குள் பொம்மைப் பெண் ஒருத்தி நீந்தியபடி ஒட்டப்பட்டிருந்தாள். மன்றத்தில் தண்ணீருக்குள் இருந்த ஒரே பெண் அவள்தான்.

“இதை யார் தேர்ந்தெடுத்தது?”

“என் தங்கச்சி சார். எனக்கு ரொம்ப வசதியா இருக்கு.”

தலைவர் பேனாவை மூடினார். பேசுவதற்கு முன்னால் பேனாவை மூடுகிற பழக்கம் உள்ளவர். “வசதின்னா என்னம்மா? போட்டிருக்கிறவங்களுக்கு மட்டும் தெரியிற சமாச்சாரம். அதை நாங்க எப்படிப் பரிசோதிக்க முடியும்? ஒவ்வொருத்தரும் எனக்கு வசதியா இருக்குன்னு சொல்லிட்டு இறங்க ஆரம்பிச்சா, அப்புறம் குளம் என்னத்துக்கு ஆகும்? எடுப்பு அப்படியில்லை. எடுப்புங்கிறது பார்க்கிறவங்களுக்குத் தெரியிற விஷயம். பார்க்கிறவங்க யாரு? நாங்க. அதனாலதான் விதியில எடுப்பு முதல்ல வருது, வசதி பின்னால வருது. நான் இந்தப் பிரிவுக்கு வந்த நாள்லேருந்து இந்தக் குளத்துல ஒரு பெண்மணிகூட மூழ்கினதில்லை. ஒருத்தர் வழுக்கி விழுந்ததில்லை. தண்ணி ஆறிப்போச்சு, அழுக்கா இருக்குன்னு ஒரே ஒரு புகார் வந்ததில்லை. இந்தப் பேரைக் காப்பாத்துறது லேசுப்பட்ட காரியம்னு நினைக்கிறீங்களா?”

“இதுவரைக்கும் எத்தனை பேர் சார் இறங்கியிருக்காங்க?”

“அதையும் சேர்த்துத்தான் சொல்றேன்” என்றார் தலைவர்.

உடை பிரிவே தேர்ந்தெடுக்கட்டும் என்று குழுவுக்கு அனுப்பப்பட்டது. குழு கூடுகிற அறையில் அவளையும் உட்கார வைத்தார்கள், பேசுவதற்கு அல்ல, அளவுக்கு. தலைவர், அளவுக்காரம்மா, பாதுகாப்பு அதிகாரி, கணக்கு அதிகாரி. நாலு பேருக்கும் நீந்தத் தெரியாது. அது அவர்கள் நடுநிலைமைக்குச் சான்று என்று தலைவர் தொடக்கத்திலேயே சொன்னார்.

அன்றைக்குத்தான் ‘எடுப்பு’ என்ற வார்த்தை வெடித்தது.

அளவுக்காரம்மா, இடுப்பில் சுருக்கம் வைத்துத் தைத்தால் எடுப்பாக இருக்கும் என்றாள். பாதுகாப்பு அதிகாரி மேஜையைத் தட்டினார். இராணுவத்தில் சரக்கு ஏற்றி இறக்குகிற பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். “சுருக்கம் வெச்சா எப்படி எடுப்பா இருக்கும்? எடுப்பா இருக்கணும்னா எடுக்கிறதுக்குத் தோதா இருக்கணும்னு அர்த்தம். ஒரு ஆள் மூழ்குது. எதைப் பிடிச்சு எடுப்பீங்க? முடியைப் பிடிச்சா வலிக்குதுன்னு புகார் வரும். கையைப் பிடிச்சா வழுக்கும். பெட்டிக்குக் கைப்பிடி இருக்கு. குடத்துக்குக் கழுத்து இருக்கு. பொம்பளைக்கு என்ன இருக்கு? சொல்லுங்க பார்ப்போம்!”

அளவுக்காரம்மா தன் நாடாவைச் சுருட்டி விரித்து, மறுபடி சுருட்டினாள்.

கணக்கு அதிகாரி தொண்டையைச் செருமினார். “என் துறையில எடுப்புன்னா பணம் எடுப்பு. உடைக்கு உண்டான தொகையை எடுத்தாச்சுன்னா விதி அஞ்சு நிறைவேறிடுச்சு. மத்ததெல்லாம் அலங்காரம்.”

விவாதம் பல கூட்டங்களுக்கு நீண்டது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் அமர்வுக் கட்டணம், அது பயனாளியின் பேரில். பயனாளி என்றால் சக்கரக்கா. கடைசியில் தலைவர் எல்லாருக்கும் பொதுவாக ஒரு முடிவு சொன்னார். மூன்று அர்த்தமும் நல்ல அர்த்தம்தான், மூன்றையும் வைத்துவிடலாம்.

அப்படித் தயாரான உடை இது. கருநீலம். வயிற்றைச் சமமாக்க உள்ளே இரட்டைத் துணியில் ஓர் இறுக்கம். பேரிக்காயை மறைக்க இடுப்பைச் சுற்றி மூன்று அடுக்குச் சுருக்கத் துணி. செங்கல்லை மறைக்க வலது தோளில் பூ. முதுகில், இரண்டு தோள் எலும்புக்கும் நடுவில், பெரிய பெட்டிகளுக்கு வைக்கிற மாதிரி நார்ப்பட்டையில் ஒரு கைப்பிடி, நாலு பக்கமும் குறுக்குத் தையல் போட்டது. விலையும் மூன்று அர்த்தத்துக்கும் சேர்த்துப் போட்டிருந்தார்கள்.

வசதிப் பரிசோதனை மிச்சமிருந்தது. உடையைப் போட்டு ஒரு நாற்காலியில் உட்கார வைத்துச் சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தால் வசதி. மூச்சே பாதிதான் உள்ளே போனது. பல்லைக் கடித்தாள். பல் தெரிந்ததால் வசதி என்று எழுதிக்கொண்டார்கள்.

அந்த உடையைக் கழற்ற அளவுக்காரம்மாவும் டைப் அம்மாளும் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. கழற்றின பிறகு விலாவில் இரண்டு பக்கமும் சிவப்புத் தழும்பு. “இதைப் போட்டுட்டுத் தண்ணியில நடக்க முடியுமாக்கா?” என்று சக்கரக்கா கேட்டாள்.

“தண்ணியா?” என்றாள் டைப் அம்மாள். அவள் தண்ணீரை மறந்து வெகு நாள் ஆகியிருந்தது.

இதற்குள் மூன்று மாதம் ஓடிப்போய்விட்டது. ஃபோர்மேனிடம் இன்னும் கொஞ்சம் தவணை கேட்கலாம் என்று டிப்போவுக்குப் போனாள். அவள் குந்துகிற இடத்தில் வேறு ஒருத்தி குந்தியிருந்தாள். இளவயசு. எழுந்து, நடந்து, அடுத்த சக்கரத்துக்குப் போய்க் குந்தினாள், ஒரு முனகல் இல்லாமல். பிரஷ் சக்கரக்காவின் பிரஷ்தான், பிடியில் அவள் சுற்றியிருந்த துணி அப்படியே இருந்தது. ஃபோர்மேன் இவளைப் பார்த்துவிட்டு ஏதோ டயரைத் தட்டிப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் போனார். வந்து நிற்காதே என்று முன்பே சொன்னவர் அவர். இவள் நிற்கவில்லை.

குளமாவது மிஞ்சியது என்று நினைத்தாள். கால் சரியானால் வேறு எங்காவது குந்திக்கொள்ளலாம். அனுமதிச் சீட்டு தயார் என்று மன்றத்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கருநீல உடையைப் பையில் போட்டுக்கொண்டு, தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போனாள்.

தலைவர் எழுந்து நின்று வரவேற்றார். சீட்டைக் கையில் எடுத்தார். ஒரு தடவை படித்தார். உட்கார்ந்தார். பேனாவை மூடினார்.

“உங்க பிறந்த நாள் எப்பம்மா?”

“நேத்தைக்கு சார்.”

“அடடா” என்றார் தலைவர். நிஜமாகவே வருத்தப்பட்டார், அதில் பொய் இல்லை. “உங்க நடுவயசு நேத்தோட முடிஞ்சுபோச்சும்மா. எங்க பிரிவு நடுவயசு மகளிருக்கு மட்டும். இதுக்கு மேலே நீங்க முதுவயசுப் பிரிவுல பார்க்கணும்.”

“அது எங்கே இருக்கு?” என்று தங்கச்சி கேட்டாள்.

“இனிமேதான் அமைக்கணும்.”

தங்கச்சிக்குப் பொறுக்கவில்லை. “ஏன் சார், எங்கக்கா வரும்போது நடுவயசாத்தானே வந்தா? உங்க பெஞ்சுல உட்கார வெச்சுத்தானே கிழவியாக்கினீங்க? அதுக்கும் ஏதாவது கட்டணம் உண்டா?”

தலைவர் கணக்கு அதிகாரியைப் பார்த்தார். கணக்கு அதிகாரி சிறிது யோசித்து, இப்போதைக்கு இல்லை என்று தலையசைத்தார்.

உடை அவள் அளவுக்கு, அதாவது இரண்டு ஆள் அளவுக்குத் தைத்தது, திருப்பி வாங்க முடியாது என்றார்கள். இப்படித்தான் அந்த மூவாயிரத்து நானூற்றுப் பதினெட்டு. பாக்கி இருக்கிறவர்களை மன்றம் கைவிடுவதில்லை, ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது என்று தலைவர் சொன்னார். சாயங்காலம் மன்றம் மூடின பிறகு குளத்தைத் தேய்த்துக் கழுவ ஆள் தேவை. சம்பளத்தில் பாக்கியைப் பிடித்துக்கொள்வார்கள்.

சக்கரக்கா தலைவரை நிமிர்ந்து பார்த்தாள். “குளத்துக்குள்ளே இறங்கியா?”

“இறங்காம எப்படிக் கழுவ முடியும்?”

அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்துத் தங்கச்சிக்கு அழுகை வந்தது. வெளியே வந்ததும், “வேண்டாம்க்கா, இவங்க சகவாசமே வேண்டாம்” என்றாள்.

“போடி. தண்ணி தண்ணிதானே. காசு குடுத்து நடக்கிறதுக்குப் பதிலா காசு வாங்கிட்டு நடக்கப் போறேன்” என்றாள் சக்கரக்கா.

முதல் நாள் பின்வாசல் வழியாகப் போனாள். அங்கேயும் அதே காவலாளிதான். இவள் போட்டிருந்ததும் அதே காக்கிச் சட்டை, கால்சட்டை. அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஐந்தாவது விதி பயனாளிகளுக்கு. கழுவுகிறவர்கள் எதைப் போட்டுக்கொண்டு இறங்கினாலும் மன்றத்துக்கு ஆட்சேபணை இல்லை. தங்கச்சி எடுத்துக் கொடுத்த கறுப்பு உடையைக் காக்கிக்கு உள்ளே போட்டிருந்தாள். பார்க்க ஆள் இல்லாததால் அது எடுப்பாக இருந்ததா என்று சொல்ல முடியாது. வசதியாக இருந்தது.

உள்ளே போனால் கழுவ வந்திருந்தவர்கள் எல்லாருமே பெஞ்சில் பார்த்த முகங்கள். கழுத்துப் பட்டை, இடுப்புப் பட்டை, ஆபரேஷன் முதுகு. டைப் அம்மாள் சுவரோரம் கையாட்டினாள். அவளுக்கும் நடுவயசு முடிந்திருந்தது.

சக்கரக்கா ஏணியில் ஒரு காலை இறக்கினாள். உடனே மேலே இழுத்துக்கொண்டாள்.

“ஏங்கக்கா, இவ்வளவு சில்லுன்னு இருக்கு?”

“வெந்நீர் பயனாளிகளுக்கு. மூடினதும் அதை வடிச்சுட்டுப் பச்சைத் தண்ணி விடுவாங்க” என்றாள் டைப் அம்மாள். “கழுவி முடிச்சு நாம ஏறினதும் திரும்ப வெந்நீர் விடுவாங்க. காலையில யாராவது வந்தா வேணுமில்ல.”

இடுப்பளவு பச்சைத் தண்ணீரில் நின்று, குனிந்து, ஓடு ஓடாகத் தேய்த்தார்கள். மன்றம் தேய்க்கிற துணி தரவில்லை, அவரவர் கொண்டுவர வேண்டும். சக்கரக்கா அந்தக் கருநீல உடையைக் கொண்டுவந்தாள். மூன்று அடுக்குச் சுருக்கத் துணி ஓட்டு இடுக்கில் படிந்த பாசியை அருமையாக எடுத்தது. வேலை முடிந்ததும் கைப்பிடியில் மாட்டி ஆணியில் தொங்கவிடலாம். மாதா மாதம் சம்பளத்தில் பாக்கியைப் பிடித்தார்கள். பிடித்துக் கொடுத்த சேவைக்கு ஒரு கட்டணம் போட்டார்கள். பாக்கி இருந்த இடத்திலேயே இருந்தது.

முட்டி இருந்த இடத்தில் இல்லை. குளிர் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. காலையில் காலை நீட்ட தங்கச்சி வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, அமுக்கி, கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிவிட வேண்டும். “விட்டுடுக்கா” என்பாள். “பாக்கி?” என்பாள் இவள். வாடகையில் பாதியும் இப்போது தங்கச்சி தலையில் இருந்தது. வீட்டு வாசலில் மன்றத்து ஆள் வந்து நிற்கும்படி வைத்துக்கொள்ள இவளுக்கு மனசு வரவில்லை.

ஒரு சாயங்காலம், எல்லாரும் ஏறின பிறகு சக்கரக்கா ஏணியடியில் நின்றாள். வலது காலைத் தூக்கினாள். கால் வரவில்லை. இடது காலைத் தூக்கினால் வலது கால் தாங்காது. குழாயைத் திறந்துவிட்டார்கள், எல்லாரும் ஏறியாயிற்று என்று நினைத்துத் தண்ணீரை நிரப்ப ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் குழாயில் கிடந்த பச்சைத் தண்ணீர்தான் வந்தது. இடுப்புக்கு மேலே ஏறியது.

டைப் அம்மாள் குனிந்து கையை நீட்டினாள். கை வழுக்கியது. மற்றவர்கள் ஓடிவந்தார்கள், ஓடி என்றால் அவர்களால் முடிந்த ஓட்டம். குழாயை மூடச் சொல்லிக் கத்தினார்கள். மூடுகிற ஆள் கீழ்த் தளத்தில் இருந்தார், அவருக்குக் கேட்கவில்லை. தண்ணீர் மார்புக்கு வந்தது. டாக்டர் சொன்ன மார்பளவு.

டைப் அம்மாளுக்குத்தான் தோன்றியது. ஆணியில் தொங்கிய கருநீல உடையை எடுத்து, கைப்பிடியைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, உடையைத் தண்ணீருக்குள் வீசினாள். “கால் ஓட்டையில கையை நுழைச்சுக்கோ! ரெண்டு கையையும்!” கைப்பிடியை டைப் அம்மாள் பிடித்தாள், டைப் அம்மாளை இன்னொருத்தி பிடித்தாள், அவளை அடுத்தவள். முதுகு வலியும் தோள் பிடிப்புமாகச் சேர்ந்து இழுத்தார்கள். துணி நீண்டது, வயிற்று இறுக்கம் முதலில் அறுந்தது, அப்புறம் சுருக்கத் துணி, அப்புறம் தோளில் இருந்த பூ. நார்ப்பட்டை மட்டும் அறவில்லை. சக்கரக்கா குளத்து விளிம்பில் வயிறு உரசி வெளியே வந்து விழுந்தாள். வந்ததும் உடை நடுவில் இரண்டாகக் கிழிந்தது.

மூன்றாவது மாடி ஜன்னலில் பாதுகாப்பு அதிகாரி நின்றிருந்தார். தடதடவென்று இறங்கி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“பார்த்தீங்களா! பார்த்தீங்களா! எடுப்பா இருக்கும்னு நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா? எடுத்துடுச்சா இல்லையா?”

பின்னால் தலைவரும் கணக்கு அதிகாரியும் வந்தார்கள். மன்றத்து வரலாற்றில் விதி ஐந்து முழுமையாக நிறைவேறியது இன்றைக்குத்தான் என்று தலைவர் அந்த ஈரத்தில் நின்றபடியே பேசினார். மூழ்கல் இல்லை என்ற பேரும் அப்படியே இருக்கிறது என்றார். ஐந்தாறு பேர் நடுங்கிக்கொண்டே கேட்டார்கள். சக்கரக்கா ஓட்டுத் தரையில் கிடந்தாள். வலது கால் மடங்கியபடியே நின்றுவிட்டது. குந்துகிற மாதிரி, சக்கரத்துக்கு முன்னால் இருக்கிற மாதிரி. நீட்டப் பார்த்தாள், நீளவில்லை.

கணக்கு அதிகாரி கிழிந்த உடையைக் காலால் திருப்பிப் பார்த்தார். உபயோகத்தில் சேதமான பொருள். சேதமான பொருளுக்குப் பாக்கி நிற்காது, அது விதி. உட்கார்ந்து அவள் கட்டை விரலைப் பிடித்து மையில் அழுத்தி, காகிதத்தில் வைத்தார்.

“எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் சார்” என்றாள் அவள்.

“பரவாயில்லம்மா, ஆயிடுச்சு. மூவாயிரத்து நானூற்றுப் பதினெட்டும் தள்ளுபடி. உங்க பேர்ல இனி ஒரு பைசா இல்லை.”

“சார், என் கால் நீள மாட்டேங்குது.”

தலைவர் பேனாவை மூடினார். பின்னால் குளத்தில் இப்போது வெந்நீர் வர ஆரம்பித்து, ஆவி எழுந்துகொண்டிருந்தது.

“கால் எங்க பிரிவு இல்லம்மா” என்றார் கனிவாக. “பாக்கிதான் எங்க பிரிவு. அது தீர்ந்துபோச்சு. நீங்க எழுந்து போகலாம்.”